கண்ணுக்கு வழி காட்டும் கால் நொடி

திரையில் பத்து வரிகள் கொண்ட ஒரு பட்டியல். நான்காவது வரிக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பைத் தொட்டிப் படத்தைத் தொடுகிறீர்கள். அந்த வரி சட்டென்று மறைந்து, கீழே இருந்த ஆறு வரிகளும் அதே கணத்தில் மேலே வந்து உட்கார்ந்தால் கண் தடுமாறும். போனது நான் நினைத்த வரிதானா? ஐந்தாவதும் சேர்ந்து போய்விட்டதா? விரல் பட்டியலை மேலும் கீழும் தள்ளிச் சரிபார்க்கத் தொடங்கும். நான்காவது வரி மெல்ல வெளிறி விலக, கீழ் வரிகள் கால் நொடியில் வழுக்கி மேலேறினால் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. எது போனது, எது எங்கே வந்து சேர்ந்தது என்பதைக் கண்ணே பார்த்துவிட்டது.

அந்தக் கால் நொடிக்குள் ஒரு சாதாரணத் திரை 15 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஆறு வரிகளும் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும், மறைகிற வரி எவ்வளவு வெளிறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் அந்தக் கணக்கைப் பெருமளவு போட்டுவந்தவை, ஆயத்த நிரல் தொகுப்புகளான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள். ஜேக்வெரி, ஜிசாப், அனிமே, மோஷன் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். பக்கத்தை மினுக்கும் கருவிகளாகவே பலருக்கும் இவை அறிமுகமாகின்றன. என் பார்வையில் இவற்றின் பெரிய வேலை, திரையில் நிகழும் மாற்றத்தை வாசகரின் கண் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். அந்த வேலையைச் செய்யாத அசைவு எத்தனை அழகாக இருந்தாலும், வாசகரின் நேரத்தையும் அவர் பேட்டரியையும் தின்கிறது.

கார்ட்டூன் கற்றுத்தந்தது

இந்தச் சிந்தனை, இணையப் பக்கங்கள் பொதுமக்களை எட்டும் முன்பே பிறந்துவிட்டது. 1993ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பே-வெய் சாங், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டேவிட் உங்கர் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கார்ட்டூன் படங்களிடமிருந்து கணினித் திரை என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். டிஸ்னி ஸ்டுடியோவின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' என்ற நூலில் அனிமேஷனுக்கான 12 அடிப்படைகள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றில் திரைக்குப் பொருந்துவனவற்றை இந்த இருவரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொருள் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கக் கூடாது. நடுவில் உள்ள தூரத்தைக் கடந்து போக வேண்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் மெதுவாக இருக்க வேண்டும். கனமுள்ள பொருள்போல நடந்துகொள்ள வேண்டும். திடீர் மாற்றங்கள் நிறைந்த திரையில், என்ன நடந்தது என்று ஊகிக்கும் சுமை முழுவதும் பயனரின் தலையில் விழுகிறது என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் இதைச் செய்துபார்த்த களம் 'செல்ஃப்' என்ற நிரல்மொழியின் திரைச்சூழல். உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1980களில் உருவாக்கிய மொழி அது. அந்தக் கட்டுரை வந்து இரண்டாண்டு கழித்து, 1995 மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். ஒரு பொருளை முன்மாதிரியாக வைத்து இன்னொரு பொருளைப் பிறப்பிக்கும் அதன் அடிப்படை முறையை அவர் செல்ஃபிடமிருந்துதான் எடுத்தார். ஆக, இணையப் பக்கங்களை இன்று அசைத்துக்கொண்டிருக்கும் மொழியும், திரை கார்ட்டூன்போல அசைய வேண்டும் என்ற எண்ணமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருவரும் சந்தித்துக்கொள்ளத்தான் பத்தாண்டு ஆனது.

மினுக்கிய காலம்

அந்தப் பத்தாண்டில் இணையம் அசையவில்லை என்பதில்லை. நெட்ஸ்கேப் பிரவுசரில் எழுத்துகளை விட்டுவிட்டு எரியவைக்கும் 'பிளிங்க்' வந்தது. போட்டிக்கு மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்ப்ளோரரில் எழுத்துகளை ஓடவிடும் 'மார்க்கீ'யைக் கொண்டுவந்தது. சுழலும் பூமி, எரியும் தீப்பந்தம் என ஜிஃப் படங்கள் பக்கங்களை நிறைத்தன. தமிழ்ச் செய்தித் தளங்களில் முக்கியச் செய்திகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். பாதி வாக்கியம் கடந்துபோன பிறகு கண் போய்ச் சேரும். மீதியைப் படித்துவிட்டு, தொடக்கம் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். வாசகர் தன் வேகத்தில் படிக்கும் உரிமையைப் பறித்துக்கொண்ட அசைவு அது. பிளிங்க் இன்று பிரவுசர்களில் வேலை செய்வதில்லை. மார்க்கீயைக் காலாவதியானது என்று வலைத்தரம் அறிவித்துப் பல்லாண்டு ஆனபின்னும், டெண்டர் அறிவிப்புகளையும் தேர்வு முடிவுகளையும் அது இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபிளாஷின் கதை வேறு. ஜோனதன் கே உருவாக்கிய ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற மென்பொருளை 1996 இறுதியில் மேக்ரோமீடியா வாங்கி, ஃபிளாஷ் என்று பெயர் சூட்டியது. காலக்கோடு, கீஃப்ரேம், இரண்டு நிலைகளுக்கு இடையே வரும் படங்களைத் தானாக நிரப்பும் ட்வீன் என்று அனிமேஷனின் முழுப் பயிற்சியையும் ஒரு தலைமுறை அதில்தான் பெற்றது. ஆனால் ஃபிளாஷ் பக்கத்துக்குள் ஓர் அடைத்த பெட்டியாகவே இருந்தது. தனியாக நிறுவ வேண்டும்; தேடுபொறிக்கும் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானுக்கும் அதன் உள்ளே எட்டிப்பார்ப்பது கடினம். 2007இல் வந்த ஐஃபோன் அதை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். மேக்ரோமீடியாவை வாங்கியிருந்த அடோபி, 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஃபிளாஷுக்கு விடைகொடுத்தது. அந்தப் பெட்டிக்குள் கற்றவர்கள் வெளியே வந்து செய்ததுதான் இங்கே நமக்கு முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம்.

மஞ்சள் நிறம் சொன்ன செய்தி

2004இல் அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 'பேஸ்கேம்ப்' என்ற அலுவலகப் பணித்தளத்தை வெளியிட்டது. அதில் ஒரு சிறு உத்தி இருந்தது. பக்கத்தில் ஏதாவது மாறினால், மாறிய இடம் மட்டும் ஒரு கணம் மஞ்சளாகி, மெல்ல வெளிறிப் பழைய நிறத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான். படமில்லை, ஓட்டமில்லை. 'நீ மாற்றியது இங்கே பதிவாகிவிட்டது' என்ற செய்தி ஒரு வார்த்தைகூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். உங்கரும் சாங்கும் கேட்டது இதைத்தான். இணையத்தில் எனக்கு மிகவும் பிடித்த அனிமேஷன் எது என்று கேட்டால் இன்றும் இதையே சொல்வேன்.

அடுத்த ஆண்டே, ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாமஸ் ஃபுக்ஸ் 'ஸ்க்ரிப்டாகுலஸ்' என்ற லைப்ரரியை வெளியிட்டார். மங்கச் செய்வது, மடிப்பது, விரிப்பது, குலுக்குவது எல்லாம் ஒரே வரிக் கட்டளை ஆயின. அதே ஆண்டு வேலரியோ புரொயெட்டியின் 'மூ எஃப்எக்ஸ்' வந்தது. 2006 ஜனவரி 14 அன்று நியூயார்க்கில் நடந்த பார்கேம்ப் கூட்டத்தில், 21 வயது ஜான் ரெசிக் ஜேக்வெரியை அறிமுகப்படுத்தினார். அன்று ஒவ்வொரு பிரவுசரும் ஜாவாஸ்கிரிப்டை ஒவ்வொரு விதமாகப் பேசிக்கொண்டிருந்தது. ஒன்றில் ஓடும் நிரல் இன்னொன்றில் விழும். ரெசிக்கின் லைப்ரரி அந்த வேறுபாடுகளைத் தானே சமாளித்துக்கொண்டு, எழுதுபவருக்கு ஒரே எளிய வழியைக் கொடுத்தது. 2008இல் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் அதைத் தங்கள் தளங்களில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தன.

ஜேக்வெரியில் ஒரு பெட்டியை நகர்த்த மூன்று தகவல் போதும்: எந்தப் பெட்டி, எங்கே போக வேண்டும், எவ்வளவு நேரத்தில். நேரம் சொல்லாவிட்டால் 400 மில்லி நொடி என்று அது எடுத்துக்கொள்ளும். 'வேகம்' என்றால் 200, 'மெதுவாக' என்றால் 600. உள்ளே நடப்பது எளிய கணக்குதான். 13 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு கடிகாரம் தட்டும். தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, மொத்த நேரத்தில் அது எத்தனை பங்கு, அந்தப் பங்குக்குப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்து அங்கே வைக்கும். அடுத்த தட்டலில் மறுபடியும்.

அந்தக் காலத்துப் பக்கங்களைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு கோளாறு நினைவிருக்கும். மெனுவின் மேல் மவுஸை வேகமாக ஐந்தாறு முறை கொண்டுபோய்த் திருப்பினால், மவுஸ் விலகிய பிறகும் அது தானாக இறங்கி ஏறி, இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். ஜேக்வெரி ஒவ்வொரு கட்டளையையும் வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றியதன் விளைவு அது. புதிய கட்டளைக்கு முன் பழையதை நிறுத்தச் சொல்லும் ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும். பயனர் மனம் மாறிய அந்தக் கணத்திலேயே அசைவும் மாற வேண்டும் என்ற பாடம் இந்தச் சிறு கோளாறிலிருந்து எல்லோருக்கும் பதிந்தது.

பென்னரின் வளைவுகள்

சீரான வேகத்தில் நகரும் பெட்டி கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். நிறுத்தத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ் எடுத்த எடுப்பில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதில்லை. மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, அடுத்த நிறுத்தம் வருமுன்பே தணிந்து நிற்கிறது. கனமுள்ள எதுவும் அப்படித்தான் நகர முடியும் என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண், திரையிலும் அதையே எதிர்பார்க்கிறது. இந்த வேக ஏற்றத்தாழ்வுக்கு அனிமேஷன்காரர்கள் ஈஸிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஃபிளாஷ் நிரலாளரான ராபர்ட் பென்னர் 2001 வாக்கில் இதற்கான சமன்பாடுகளை எழுதினார். 2002இல் வெளிவந்த தன் நூலில் அவற்றை விளக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிட்டார். அவற்றின் எளிமை அசர வைப்பது. ஒரு பெட்டி 400 பிக்ஸல் தூரத்தை ஒரு நொடியில் கடக்க வேண்டும் என்று வையுங்கள். சீரான வேகம் என்றால் அரை நொடியில் அது 200ஆவது பிக்ஸலில் இருக்கும். நேரத்தை வர்க்கப்படுத்தினால் அரையின் வர்க்கம் கால். ஆகவே 100ஆவது பிக்ஸலில் இருக்கும். கனப்படுத்தினால் அரைக்கால், 50ஆவது பிக்ஸல்தான். மீதி 350 பிக்ஸலையும் கடைசி அரை நொடியில் பாய்ந்து கடக்கும். நேரத்தை எத்தனை முறை தன்னோடு பெருக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். பார்வைக்கோ ஒன்று நிதானி, மற்றது துடுக்கு. இதைத் திருப்பிப் போட்டால் வேகமாகக் கிளம்பி மெல்ல அடங்கும். இரண்டையும் ஒட்டினால் முன்பின் இரண்டும் மெதுவாகும். இலக்கைச் சற்றே தாண்டிப்போய்த் திரும்பி வருவது, ரப்பர்போலத் துள்ளுவது, பந்துபோலக் குதித்து அடங்குவது எல்லாவற்றுக்கும் அவரிடம் வளைவு இருந்தது.

பென்னர் வைத்த பெயர்களோடு அந்தச் சமன்பாடுகள் ஃபிளாஷிலிருந்து ஜேக்வெரியின் இணைப்புகளுக்கும், அங்கிருந்து பின்னால் வந்த லைப்ரரிகளுக்கும் பரவின. ஃபிளாஷ் மறைந்துவிட்டது, அதன் கணக்கு உலகமெங்கும் கோடிக்கணக்கான திரைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரவுசர்களின் சொந்த அனிமேஷன் முறையோ பெசியே வளைவுகளை எடுத்துக்கொண்டது. பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே 1960களில் கார்களின் உடல் வளைவை வரையப் பயன்படுத்திய கணிதம் அது. காரின் முகப்புக்கு உதவிய அதே வளைவு, இன்று ஒரு பொத்தானின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

எந்த வளைவை எங்கே இடுவது என்பதில்தான் கைத்தேர்ச்சி தெரியும். உள்ளே வரும் பொருள் வேகமாக வந்து மெல்ல அடங்கினால், தொட்டவுடன் பக்கம் பதில் சொன்னது போலிருக்கும். வெளியேறும் பொருளைத் தாமதப்படுத்தக் கூடாது. அதில் இனி யாருக்கும் வேலையில்லை. கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி, கைப்பேசித் திரைக்குள் நுழையும் பொருளுக்கு 225 மில்லி நொடியும் வெளியேறுவதற்கு 195 மில்லி நொடியும் பரிந்துரைத்தது இதனால்தான். வங்கிப் பக்கத்தில் பணம் அனுப்பும் பெட்டி பந்துபோலத் துள்ளி வருவதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பணத்தின் இடத்தில் துள்ளல் நம்பிக்கையைக் குறைக்கும்.

16.7 மில்லி நொடி

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. அதற்குள் கணக்கு முடிந்து, படம் தீட்டப்பட்டு, திரைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த பிரேம் விழுந்துவிடும். கண்ணுக்கு அது ஒரு வெட்டாகத் தெரியும். ஜேக்வெரியின் 13 மில்லி நொடிக் கடிகாரமும் திரையின் 16.7 மில்லி நொடித் தாளமும் ஒத்துப்போகாதவை. திரை அடுத்த பிரேமுக்குத் தயாராகும்போது பிரவுசரே நிரலைக் கூப்பிடும் முறை 2011 வாக்கில் ஃபயர்பாக்ஸ் வழியாகவும் பிறகு மற்றவற்றிலும் வந்தது. ஜேக்வெரி 2011 மே மாதம் அதற்கு மாறியது. சில மாதங்களிலேயே பின்வாங்கியது. காரணம், பின்னால் மறைந்திருக்கும் டேபில் பிரவுசர் இந்த அழைப்பை நிறுத்திவைக்கும். சில நொடிக்கொருமுறை படம் மாற்றும் பக்கங்களில் கட்டளைகள் குவிந்து, பயனர் அந்த டேபுக்குத் திரும்பியதும் மொத்தமாகப் பாய்ந்து ஓடின. 2016இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ஜேக்வெரி மறுபடியும் அந்த முறைக்கு வந்தது.

நேரத்தை வைத்துக் கணக்குப் போடாமல், 'பிரேமுக்கு ஐந்து பிக்ஸல்' என்று எழுதிவிட்ட பக்கங்கள் இப்போது இன்னொரு சிக்கலில் மாட்டுகின்றன. இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. அங்கே அதே அசைவு இரு மடங்கு வேகத்தில் ஓடிவிடும். நல்ல லைப்ரரி பிரேமை எண்ணுவதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறது.

அடுத்தது, எதை அசைக்கிறோம் என்பது. பிரவுசர் ஒரு பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவர மூன்று பெரிய வேலைகளைச் செய்கிறது: எந்தப் பெட்டி எங்கே, எவ்வளவு அகலம் என்று அளவெடுப்பது, வண்ணம் தீட்டுவது, தீட்டிய அடுக்குகளைச் சேர்த்துத் திரையில் வைப்பது. ஒரு பெட்டியின் அகலத்தையோ உயரத்தையோ மாற்றினால் முதல் வேலையிலிருந்தே தொடங்க வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் பெட்டிகளும் மறுபடி அளக்கப்படும். டிரான்ஸ்ஃபார்ம் என்ற பண்பால் நகர்த்தினாலோ, ஒளிபுகும் தன்மையை மட்டும் மாற்றினாலோ பெரும்பாலும் கடைசி வேலை மட்டுமே மிஞ்சும். அதைக் கிராஃபிக்ஸ் சிப் பார்த்துக்கொள்ளும். விலையுயர்ந்த லேப்டாப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எட்டாயிரம் ரூபாய் கைப்பேசியில் வெயிலில் நின்று ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது தெரியும். அனிமேஷனைச் சோதிக்க வேண்டிய இடம் அந்தக் கைப்பேசிதான். செய்தவரின் மேஜை அல்ல.

அப்படியானால் நம் பட்டியலின் ஆறு வரிகள் மேலேறுவது எப்படி? அங்கே இடமே மாறுகிறதே? கூகுளின் பால் லூயிஸ் 2015இல் இதற்கு ஒரு வழியை விளக்கினார். ஆறு வரிகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். நான்காவது வரியை நீக்கிவிட்டு, அவை கடைசியில் எங்கே வந்து நிற்கின்றன என்று அளக்க வேண்டும். திரை வரையப்படும் முன்பே, டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்துவிட வேண்டும். பிறகு அந்தத் தள்ளலை மெல்ல மெல்லக் கழித்துக்கொண்டே வர வேண்டும். வரிகள் உண்மையில் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. பயணத்தைக் கண்ணுக்காகப் பின்னாலிருந்து நடத்திக்காட்டுகிறோம். விரல் தொட்டதற்கும் திரை பதிலளிப்பதற்கும் நடுவே பத்தில் ஒரு நொடிவரை மனிதர் தாமதத்தை உணர்வதில்லை. அளவெடுக்கும் வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும்.

ஜிசாப் தந்த காலக்கோடு

ஃபிளாஷ் பெட்டிக்குள் கற்று வெளியே வந்தவர்களில் ஜாக் டாயில் முக்கியமானவர். அவருடைய கிரீன்சாக் நிறுவனம் ஃபிளாஷுக்காகச் செய்த ட்வீன் கருவிகள் 2012இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தன, அதுவே ஜிசாப். ஒரு பெட்டியை அசைப்பதில் அதற்கு முன்பே பலர் தேர்ந்திருந்தார்கள். இருபது பெட்டிகளை ஒன்றோடொன்று ஒத்திசைய அசைப்பதுதான் துன்பமாக இருந்தது. தலைப்பு வந்து முடிய அரை நொடி, அதன்பின் படம், படம் பாதி வரும்போது பொத்தான் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாமதம் எழுதிய பிறகு, தலைப்பின் நேரத்தைச் சற்றுக் கூட்டினால் பின்னால் வரும் எல்லா எண்களையும் திருத்த வேண்டும். ஜிசாப்பின் காலக்கோட்டில் 'முந்தையது முடிய 0.2 நொடி இருக்கும்போது இதைத் தொடங்கு' என்று உறவுமுறையாகச் சொல்லிவிடலாம். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக நகர்ந்துகொள்ளும். முழுத் தொகுப்பையும் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், பாதி வேகத்தில் பார்க்கலாம்.

இன்னொரு நுட்பம். கணினி திணறி அரை நொடிக்கு மேல் உறைந்துவிட்டால், ஜிசாப் தன் உள்கடிகாரத்தையே திருத்திக்கொள்ளும். 33 மில்லி நொடி மட்டுமே கடந்ததாக வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். இல்லாவிட்டால் அசைவின் பெரும்பகுதி காணாமல் போய் முடிவு மட்டும் தெரியும். நுட்பமான மனம் உள்ளவர்கள் செய்த கருவி என்பதற்கு இந்த ஓர் ஏற்பாடே சாட்சி.

இணையதளங்களைக் காட்சிவழியில் உருவாக்கும் கருவியைத் தரும் வெப்ஃப்ளோ நிறுவனம் 2024இல் கிரீன்சாக்கை வாங்கியது. எழுத்துகளைப் பிரிப்பது, ஓர் உருவத்தை இன்னோர் உருவமாக மாற்றுவது போன்றவற்றுக்கான, அதுவரை சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்த இணைப்புகள் உட்பட முழு ஜிசாப்பும் 2025 ஏப்ரல் இறுதியில் இலவசமாயிற்று. வெப்ஃப்ளோவுக்குப் போட்டியான காட்சிவழிக் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. மற்றபடி, சொந்தத் தொழில் தொடங்கும் ஒரு மாணவர்கூடப் பெரிய விளம்பர நிறுவனம் பயன்படுத்தும் அதே கருவியை எடுத்துக்கொள்ளலாம். இந்த மாற்றம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

முற்றிலும் வேறு பாதையில் வந்தது லாட்டி. ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்ட இது, ஹெர்னான் டோரிசியின் 'பாடிமூவின்' இணைப்பை அடித்தளமாகக் கொண்டது. வடிவமைப்பாளர் வரைந்த அசைவைப் படங்களாக அனுப்பாமல், வடிவங்களும் நேரங்களுமாக ஒரு சிறு எழுத்துக் கோப்பில் அனுப்பி, பிரவுசரிலேயே வரையவைக்கும். லோட்டே ரைனிகரின் நினைவாக இதற்குப் பெயர் வைத்தார்கள். கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி நிழலுருவங்களாக அசைத்து, 1926இல் 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படத்தை எடுத்த ஜெர்மானியப் பெண் அவர். இன்றும் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் அதுவே மிகப் பழையது.

உருட்டலும் குமட்டலும்

2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் 'ஸ்னோ ஃபால்' என்ற பெருங்கட்டுரையை இணையத்தில் வெளியிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் டனல் கிரீக்கில் மூன்று பேரைக் கொன்ற பனிச்சரிவின் கதை. எழுதிய ஜான் பிராஞ்சுக்கு 2013இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. வாசகர் பக்கத்தை உருட்ட உருட்ட மலை திரும்பும், பனிச்சறுக்கு வீரர்கள் சென்ற தடம் வரையப்படும். எங்கே நின்றார்கள், பனி எந்தச் சரிவில் இறங்கியது என்பதைப் பத்திகளால் மட்டும் புரியவைப்பது கடினம். அசைவுக்கு அங்கே வேலை இருந்தது.

பிறகு வந்த போலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. உருட்டினால் பக்கம் நகர மறுக்கும். ஒவ்வொரு வாக்கியமாக மிதந்து வரும். விலையைத் தெரிந்துகொள்ள வந்தவர் பத்துத் திரை கடந்தும் விலையைக் காணமாட்டார். உருட்டும் வேகம் வாசகருடையது. அதை எடுத்துக்கொள்ளும் எந்தப் பக்கத்தையும் நான் பாராட்டத் தயாரில்லை.

சிலருக்கு இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்குத் திரையில் பெரிய பரப்பு நகர்ந்தால், பெரிதாகிச் சிறிதானால், தலைசுற்றலும் குமட்டலும் வரும். 2013 செப்டம்பரில் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 வந்தபோது, செயலிகளைத் திறக்கும்போதெல்லாம் திரை பாய்ந்து பெரிதாவதால் உடம்புக்கு முடியவில்லை என்று பலர் முறையிட்டார்கள். அடுத்த மாதமே வந்த திருத்தத்தில் அசைவைக் குறைக்கும் அமைப்பு வலுப்படுத்தப்பட்டது. 2017இல் சஃபாரி, அந்த விருப்பத்தை இணையப் பக்கமும் தெரிந்துகொள்ள வழி செய்தது. ஃபயர்பாக்ஸும் குரோமும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்துகொண்டன. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் விண்டோஸிலும் அசைவைக் குறைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் பக்கத்தை எழுதியவர் அதைக் கேட்டால்தான் பலன். ஜிசாப்பிலும் மோஷனிலும் இதற்கு நேரடி வசதி உண்டு. அப்படிக் கேட்டவர்களுக்கு எல்லா அசைவையும் அணைத்துவிட வேண்டியதில்லை. பாய்வதையும் சுழல்வதையும் விட்டுவிட்டு, அந்த மஞ்சள் மங்கலைப்போல நிறமும் ஒளியும் மட்டும் மாறினால் போதும்.

வலை அணுகல் நெறிகள் 2008இலேயே இரண்டு எல்லைகளை வகுத்தன. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்தப் பயனருக்கு வழி இருக்க வேண்டும். எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, வலிப்பு வரக்கூடும். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகளும் இவற்றை அடியொற்றியவையே. ஓடும் டெண்டர் அறிவிப்புக்குப் பக்கத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்று குடிமக்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இதற்கிடையே லைப்ரரிகள் செய்துவந்த வேலைகளில் பலவற்றைப் பிரவுசர்களே ஏற்கத் தொடங்கிவிட்டன. உருட்டலோடு இணைந்த அசைவு, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு முழுப் பக்கமும் உருமாறுவது இரண்டும் 2023இல் குரோமுக்குள்ளேயே வந்துவிட்டன. பட்டியல் வரி மேலேறுவது போன்ற எளிய வேலைக்கு இனி ஒரு முழு லைப்ரரியை இறக்கத் தேவையில்லை. பல பாத்திரங்கள் ஒத்திசையும் நீண்ட காட்சிகளுக்கும், பாதியில் திசை மாறும் அசைவுகளுக்கும் அவை தொடர்ந்து வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்து உடையும் இடம்

தமிழ்ப் பக்கங்களைச் செய்பவர்களுக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. தலைப்பின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழுவது இன்று பரவலான அழகு. அதற்கு முதலில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் இட வேண்டும். 'கொடி' என்ற சொல்லில் நமக்கு இரண்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் பழைய முறையில் எண்ணினால் நான்கு: ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி. நான்கையும் தனித்தனிப் பெட்டியில் போட்டால், வெறும் ககரம் முதலில் விழும். அடுத்து ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் ஒட்டிக்கொண்டு விழும். அசைவு எவ்வளவு நயமாக இருந்தாலும் சொல் உருக்குலைந்து நிற்கும். ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருவைத் தமிழில் அப்படியே எடுத்துப் போடும்போது நேர்வது இது.

இதற்குப் பிரவுசரிலேயே மருந்து இருக்கிறது. மனிதர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே பிரித்துத் தரும் 'செக்மென்டர்' என்ற வசதி குரோமில் 2020இலும், சஃபாரியில் 2021இலும், ஃபயர்பாக்ஸில் 2024இலும் வந்துவிட்டது. அதைக்கொண்டு பிரித்தால் 'கொ', 'டி' என்று இரண்டே துண்டு. பிரித்த பிறகு திரைவாசிப்பான் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக உச்சரிக்காமல் இருக்க, முழுச் சொல்லையும் அதற்கென்று ஒரு குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். நீண்ட தமிழ்த் தலைப்புகளில் எழுத்தைவிடச் சொல்லைச் சொல்லாக அசைப்பதே நல்லது என்பது என் கருத்து. நம் சொற்கள் நீளமானவை. பதினைந்து எழுத்தும் வந்து சேரும்வரை வாசகரைக் காக்கவைக்கக் கூடாது.

செக்மென்டரும் இரண்டு இடங்களில் தவறவிடும். 'க்ஷ' அதற்கு ஓர் எழுத்தல்ல. 'லக்ஷ்மி' என்ற பெயரைக் கொடுத்தால் 'க்' ஒரு பெட்டியிலும் 'ஷ்' இன்னொரு பெட்டியிலும் போய் விழும். 'ஸ்ரீ'யையும் 'ஸ்', 'ரீ' என்று இரண்டாக வெட்டிவிடும். திருமண அழைப்பிதழ்ப் பக்கங்களில் மணமக்களின் பெயர்களில் இவை அடிக்கடி வருகின்றன. பிரித்த பட்டியலை ஒருமுறை ஓடவிட்டு, 'க்' என்ற துண்டுக்கு அடுத்து 'ஷ'வில் தொடங்கும் துண்டு வந்தாலும், 'ஸ்' என்ற துண்டுக்கு அடுத்து 'ரீ' வந்தாலும் இரண்டையும் ஒட்டிவிடும்படி நான்கைந்து வரி நிரல் எழுதினால் போதும்.